கொசுவோட வயசுதான் மேட்டர்: ரொனால்டு ராஸ் உண்மையில என்ன கண்டுபிடிச்சாரு?

மலேரியா வந்து படுத்திருக்கற ஒருத்தர ஒரு கொசு கடிக்குது, வயிறு முட்ட ரத்தம் குடிச்சுட்டு கிளம்புது, அதே ராத்திரி பக்கத்து கட்டில்ல தூங்கறவரையும் கடிக்குது. ரெண்டாவது ஆளுக்கு மலேரியா ஒட்டிக்குமா? நான் கேட்டுப் பாத்தவங்க முக்காவாசி பேரு "பின்ன, ஒட்டாதா?"ன்னு தான் சொன்னாங்க, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன். ஒட்டாது. ஆனா அதே கொசு சாகாம இன்னும் பத்து பன்னெண்டு நாள் தாக்குப்பிடிச்சு, அப்புறம் வந்து கடிச்சா ஒட்டிக்கும். அந்த பத்து பன்னெண்டு நாள்ல கொசுவுக்குள்ள நடக்கற கூத்த கண்டுபிடிச்சதுக்கு தான் டாக்டர் ரொனால்டு ராஸுக்கு 1902ல நோபல் பரிசு குடுத்தாங்க. நம்ம பாடப்புத்தகத்துல "மலேரியா கொசுவால் பரவுகிறது எனக் கண்டறிந்தவர்"னு ஒரு மார்க் கேள்வியா சுருக்கிட்டாங்க, அதனால விஷயத்தோட பாதி நமக்கு வந்து சேரவே இல்ல.

மலேரியாங்கற பேருக்கே இத்தாலி மொழில கெட்ட காத்துன்னு தான் அர்த்தம். சதுப்பு நிலத்துல இருந்து கிளம்பற நாத்தம் பிடிச்ச காத்த மூச்சுல இழுத்தா காய்ச்சல் வருதுன்னு நூத்துக்கணக்கான வருஷமா நம்பிட்டு இருந்தாங்க, அத முட்டாள்தனம்னு சொல்லிட முடியாது, ஏன்னா சதுப்புக்கு பக்கத்துல குடியிருந்தவங்களுக்கு நிஜமாவே நெறைய வந்துச்சு. 1880ல அல்ஜீரியாவுல கான்ஸ்டன்டைன்ங்கற ஊர்ல லாவெரான்னு ஒரு ஃபிரெஞ்சு மிலிட்டரி டாக்டர், காய்ச்சல்ல கிடந்த சிப்பாயோட ரத்தத்த மைக்ரோஸ்கோப்ல வெச்சு பாத்துட்டு இருந்தப்போ, உள்ள கருப்பு பொடி வெச்ச உருண்டை ஒண்ணு இருந்துச்சு, அதுல இருந்து சாட்டை மாதிரி வாலுங்க கிளம்பி துடிச்சுச்சு. காத்துக்கு எங்க வாலு இருக்கு? ஆக, இது உயிருள்ள ஒரு ஒட்டுண்ணி. அது வரைக்கும் சரி, ஆனா ஒருத்தர் ரத்தத்துக்குள்ள இருக்கறது இன்னொருத்தர் ரத்தத்துக்குள்ள எப்படி போச்சு? அது யாருக்கும் தெரியல.

இங்க தான் பேட்ரிக் மேன்சன் வர்றாரு. இவர் சைனாவுல வேலை பாத்த பிரிட்டிஷ் டாக்டர், யானைக்கால் நோய உண்டாக்கற புழு கொசு உடம்புக்குள்ள போய் வளருதுன்னு 1877லயே காட்டினவர். மலேரியாவுல இவர் பிடிச்ச பாயிண்ட் எனக்கு ரொம்ப பிடிச்ச ஒண்ணு. அந்த சாட்டை வால் இருக்கு பாருங்க, அது ரத்தம் உடம்புக்குள்ள இருக்கற வரைக்கும் வர்றதே இல்ல, ரத்தத்த வெளிய எடுத்து ஸ்லைடுல வெச்சு கொஞ்ச நேரம் போனதுக்கு அப்புறம் தான் வருது. அப்படின்னா இந்த ஜீவன் "உடம்ப விட்டு வெளிய வந்துட்டேன்"னு தெரிஞ்சதும் தான் அந்த வேலைய ஆரம்பிக்குது, அதாவது அதோட வாழ்க்கைல மிச்சப் பாதி மனுஷனுக்கு வெளிய தான் இருக்கணும். ரத்தத்த உடம்புல இருந்து வெளிய எடுக்கறது யாரு? கொசு தானே. சும்மா உக்காந்த இடத்துல இருந்தே இத யோசிச்சிருக்காரு மனுஷன்!

ஆனா அவரும் ஒரு இடத்துல சறுக்கினாரு. கொசு ஒரே ஒரு தடவ ரத்தம் குடிச்சுட்டு, தண்ணில முட்ட போட்டுட்டு அங்கயே செத்துடும், அந்த தண்ணிய குடிக்கறவங்களுக்கு தான் மலேரியா வருதுன்னு நினைச்சாரு. கொசு வரைக்கும் கரெக்டா வந்துட்டு, திரும்பி மனுஷனுக்கு வர்ற வழிய தப்பா போட்டுட்டாரு.

ரொனால்டு ராஸ் 1857ல அல்மோராவுல பொறந்தவர். அப்பா இந்திய ராணுவத்துல பெரிய அதிகாரி. பையனுக்கு கவிதை, மியூசிக்னு தான் மனசு, அப்பா பிடிவாதத்துல டாக்டருக்கு படிச்சு 1881ல இந்தியன் மெடிக்கல் சர்வீஸ்ல சேந்து மெட்ராஸ், பெங்களூர், பர்மா, அந்தமான்னு சுத்திட்டு இருந்தாரு. பெங்களூர்ல இருந்தப்போ பங்களா ஜன்னல் பக்கத்துல இருந்த தொட்டித் தண்ணிய காலி பண்ணதும் கொசு குறைஞ்சத கவனிச்சிருக்காரு, அப்போ அதுக்கும் மலேரியாவுக்கும் சம்பந்தம் இருக்குன்னு அவருக்கே தெரியாது. இன்னும் சொல்லப்போனா லாவெரான் பாத்த ஒட்டுண்ணியவே அவர் நம்பல. 1894ல லீவுல லண்டன் போனப்போ மேன்சன் நேர்ல மைக்ரோஸ்கோப்ல காட்டினதுக்கு அப்புறம் தான் நம்பினாரு, அப்புறம் அந்த கொசு ஐடியாவ தலைல ஏத்திக்கிட்டு 1895ல செகந்தராபாத் வந்து சேந்தாரு.

அடுத்த ரெண்டு வருஷமும் வெறும் தோல்வி தான். மலேரியா பேஷண்ட கொசுவலைக்குள்ள படுக்க வெச்சு, லார்வாவுல இருந்து தானே வளத்த கொசுங்கள உள்ள விட்டு கடிக்க வைப்பாரு, அப்புறம் ஒவ்வொரு கொசுவா ஊசி முனையால பிரிச்சு மைக்ரோஸ்கோப்ல தேடுவாரு. ஒண்ணும் இருக்காது. காரணம் ரொம்ப சிம்பிள், அவர் கைக்கு ஈசியா கிடைச்சது வீட்டுல சாதாரணமா திரியற சாம்பல் கலர் கொசுவும் வரி வரியா இருக்கற கொசுவும், இன்னைக்கு நாம க்யூலெக்ஸ், ஏடிஸ்னு சொல்றது. மனுஷ மலேரியா அனோஃபிலிஸ்ங்கற கொசு இனத்துக்குள்ள மட்டும் தான் வளரும். கொசுல இத்தன வகை இருக்கு, ஒரு நோய்க்கு ஒரு வகை தான் ஒத்துவரும்னு அப்போ தெளிவா தெரியல. நடுவுல மேன்சன் சொன்ன தண்ணி தியரியையும் டெஸ்ட் பண்ணாரு, எப்படின்னா கொசு செத்துக் கிடந்த தண்ணிய ஆளுங்களுக்கு குடிக்க குடுத்து! இன்னைக்கு எந்த எத்திக்ஸ் கமிட்டியும் அந்த பேப்பர கைல கூட தொடாது. தெளிவா ஒண்ணும் கிடைக்கல.

வேலை பாத்த சூழ்நிலையும் கொஞ்ச நஞ்சம் இல்ல. செகந்தராபாத் வெயில்ல, ஃபேன் போட்டா பிரிச்சு வெச்ச கொசு பறந்துடும்னு பங்கா கூட இழுக்க விடாம உக்காந்திருக்காரு, நெத்தில இருந்தும் கைல இருந்தும் வழிஞ்ச வேர்வைல மைக்ரோஸ்கோப்போட ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடிச்சு போச்சு. இதுக்கு நடுவுல ஊட்டி பக்கம் சீகூர் கணவாய்க்கு போய் மலேரியாவ பத்தி ஆராயலாம்னு கிளம்பினா, அவருக்கே மலேரியா வந்துச்சு. அந்த ஏரியாவுல தான் செவத்துல வித்தியாசமா உக்காந்திருந்த ஒரு கொசுவ கவனிச்சாரு, ரெக்கைல புள்ளி புள்ளியா, பின்பக்கத்த மேல தூக்கிட்டு தலைகீழா நிக்கற மாதிரி. பேரு தெரியாது, "புள்ளி ரெக்கை கொசு"ன்னு மனசுல வெச்சுக்கிட்டாரு. அது தான் அனோஃபிலிஸ்.

1897 ஆகஸ்ட் மாசம் ஒரு வழியா அந்த புள்ளி ரெக்கை கொசு கொஞ்சம் கைக்கு வந்துச்சு. ஆஸ்பத்திரில ஹுசைன் கான்னு ஒரு பேஷண்ட், ரத்தத்துல ஒட்டுண்ணி நெறைய. ஒரு கொசு கடிக்க ஒரு அணான்னு பேசி 16ஆம் தேதி கடிக்க வெச்சாங்க. சில கொசுவ உடனே பிரிச்சு பாத்ததுல ஒண்ணும் இல்ல, சிலது தானா செத்துச்சு. 20ஆம் தேதி, அதாவது நாலாவது நாள், மிஞ்சி இருந்ததுல ஒண்ண பிரிச்சாரு. வயிறு முழுக்க தேடி, கடைசியா வயித்தோட சுவர பாக்கறப்போ அங்க வட்டமா ஒரு செல் இருந்துச்சு, அதுக்குள்ள கருப்பு பொடி. அப்புறம் இன்னொண்ணு, இன்னொண்ணு. மறுநாள் மிச்சம் இருந்த கடைசி கொசுவையும் பிரிச்சாரு, அதுலயும் அதே செல்லுங்க இருந்துச்சு, ஆனா முந்தின நாள் பாத்தத விட பெருசா. ஒரு நாள்ல பெருசாகுதுன்னா அது வளந்துட்டு இருக்குன்னு அர்த்தம்!

இந்த கருப்பு பொடிக்கு ஏன் இவ்வளவு மவுசுன்னு சொல்லிடறேன், ஏன்னா மொத்த கண்டுபிடிப்பும் அதுல தான் நிக்குது. மலேரியா ஒட்டுண்ணி நம்ம சிவப்பணுக்குள்ள உக்காந்து ஹீமோகுளோபினத் தின்னுது. தின்னதுக்கு அப்புறம் இரும்பு கலந்த ஒரு கழிவு மிஞ்சும், அது ஒட்டுண்ணிக்கே விஷம், அதனால அத கருப்பா படிகமா கட்டி ஒரு ஓரமா ஒதுக்கி வெச்சுக்கும். இதுக்கு இப்போ ஹீமோசோயின்னு பேரு. கொசுவோட சொந்த செல்லுல இது எங்கயுமே கிடையாது. ராஸ் ஏற்கனவே நூத்துக்கணக்குல கொசு வயித்த பாத்து பாத்து அதோட ஒவ்வொரு செல்லும் எப்படி இருக்கும்னு மனப்பாடம் ஆகிப் போச்சு, அதனால தான் இல்லாத ஒண்ணு அங்க இருந்ததும் டக்குனு பிடிச்சுட்டாரு. அந்த ரெண்டு வருஷ தோல்வி வீண் போகலங்கறது இதுல தான் தெரியுது, ஒண்ணும் இல்லாத வயிறு எப்படி இருக்கும்னு அவருக்கு தெரிஞ்ச அளவு அந்த நேரத்துல வேற யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இன்னைக்கும் ஆகஸ்ட் 20 தான் உலக கொசு நாள்.

இதுக்கு மேல ஓடிப்போய் மிச்சத்தையும் முடிச்சிருப்பாருன்னு பாத்தா, செப்டம்பர்ல அரசாங்கம் அவர ராஜபுதனத்துல கேர்வாராங்கற இடத்துக்கு தூக்கி போட்டுச்சு, மலேரியா கேஸே சரியா கிடைக்காத ஊர். மேன்சன் லண்டன்ல இருந்து மல்லுக்கட்டி, 1898 ஆரம்பத்துல தான் கல்கத்தாவுக்கு மாத்தல் கிடைச்சுது. அங்கயும் ரத்தம் குடுக்க மனுஷங்க சரியா அமையல, சரி போகட்டும்னு குருவி மாதிரி பறவைங்களுக்கு வர்ற மலேரியாவ எடுத்துக்கிட்டாரு. இதுல ஒரு வேடிக்கை பாருங்க, செகந்தராபாத்துல ரெண்டு வருஷம் காலை வாரிவிட்ட அதே சாம்பல் கொசு, பறவை மலேரியாவுக்கு கச்சிதமா பொருந்துச்சு.

இப்போ அவர் நாள் கணக்கு வெச்சு பாக்க ஆரம்பிச்சாரு. வயித்து சுவர்ல அந்த உருண்டைங்க நாளுக்கு நாள் உப்புது, உள்ள நூல் மாதிரி ஆயிரக்கணக்குல குச்சி குச்சியா உண்டாகுது, ஒரு கட்டத்துல உருண்டை வெடிக்குது. வெடிச்சு அந்த குச்சிங்க எங்க போகுது? கொசு உடம்பு முழுக்க பரவுது, ஆனா ஒரு இடத்துல மட்டும் கூட்டம் கூட்டமா போய் சேருது. அது என்ன இடம்னு முதல்ல அவருக்கு புரியல, அந்த சுரப்பில இருந்து போற குழாய பிடிச்சுக்கிட்டே போய் பாத்தா, அது கொசு குத்தற அந்த ஊசி மூக்குல போய் முடியுது. எச்சில் சுரப்பி! 1898 ஜூலை 4ஆம் தேதி இத பாத்தாரு. அப்புறம் அந்த கொசுவ நல்லா இருக்கற குருவிங்கள கடிக்க விட்டாரு, குருவிங்களுக்கு மலேரியா வந்துச்சு, தண்ணி தியரி அன்னையோட செத்துச்சு.

புதுசா படிக்கறவங்களுக்காக முழு வட்டத்தையும் ஒருதடவ ஓட்டிடறேன். பெண் அனோஃபிலிஸ் ரத்தம் குடிக்குது (ஆண் கொசு கடிக்கவே கடிக்காது). ரத்தத்தோட ஒட்டுண்ணியோட ஆண் வடிவமும் பெண் வடிவமும் வயித்துக்குள்ள போகுது. சூடு குறைஞ்சதும் ஆண் வடிவத்துல இருந்து அந்த சாட்டை வால் கிளம்பி பெண் வடிவத்தோட போய் சேருது, லாவெரான் பாத்த வாலு என்னங்கறதுக்கு விடை இதான், அது ஆணோட விந்து மாதிரி. சேந்து உண்டாகறது வயித்து சுவர தொளைச்சு வெளிப்பக்கம் போய் ஒட்டிக்கிட்டு உருண்டையாகுது, அது தான் ராஸ் பாத்தது. உருண்டை வெடிச்சு ஸ்போரோசாய்ட்னு சொல்ற அந்த குச்சிங்க எச்சில் சுரப்பிக்கு போகுது. அடுத்த கடில எச்சிலோட நம்ம உடம்புக்குள்ள இறங்கி முதல்ல கல்லீரலுக்கு போகுது, அங்க பெருகி அப்புறம் தான் சிவப்பணுக்கு வருது, அப்போ தான் குளிர் ஜுரம். அந்த கல்லீரல் சமாச்சாரம் ராஸுக்கு தெரியாது, மனுஷன்கிட்ட அத கண்டுபிடிக்க 1948 ஆச்சு.

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். மலேரியாவ பொறுத்த வரைக்கும் கொசுவ ரத்தம் ஒட்டின ஊசின்னு நினைச்சா கணக்கு தப்பாயிடும், அது ஒட்டுண்ணி பெத்து வளக்கற வீடு. வீட்டுல பிள்ளை வளர நாள் ஆகும். 25 டிகிரி வெப்பத்துல ஃபால்சிபாரம்ங்கற மோசமான வகைக்கு சுமார் 12 நாள், 20 டிகிரின்னா மூணு நாலு வாரம் கூட இழுக்கும், 16 டிகிரி கிட்ட இறங்கிட்டா வளரவே வளராது (உசரமான மலைல மலேரியா கம்மியா இருக்கறதுக்கு இது ஒரு பெரிய காரணம்). ஆனா கொசுவோட ஆயுசே அவ்வளவு தான்! பெரும்பாலான கொசு அந்த 12 நாள தாண்டறதே இல்ல.

கணக்கு போட்டு பாப்போம், கஷ்டம் இல்ல. மலேரியா ரத்தம் குடிச்ச கொசு 1000 இருக்குன்னு வெச்சுக்குவோம். தினமும் நூத்துக்கு 90 பொழைக்குதுன்னா 12 நாள் கழிச்சு மிஞ்சறது சுமார் 280. தினமும் 80 பொழைச்சா மிஞ்சறது வெறும் 70 கிட்ட. 70 தான் பொழைக்குதுன்னா 14. அதாவது ஒரு நாளைக்கு நூத்துக்கு பத்து கொசு தான் கூடுதலா சாக வெச்சோம், ஆபத்தான கொசு நாலுல ஒரு பங்காயிடுச்சு, இன்னொரு பத்து கூட்டினா அதுலயும் அஞ்சுல ஒரு பங்கு. மொத்த கொசு ஒழியவே இல்ல, ராத்திரி கடி வாங்கிட்டு தான் இருப்போம், ஆனா கிழட்டு கொசு இல்லாம போச்சு. மலேரியாவுக்கு கிழட்டு கொசு தான் வேணும்.

மருந்து தோச்ச கொசுவலையும், வீட்டு உள் செவத்துல மருந்து அடிக்கறதும் ஏன் வேலை செய்யுதுன்னு இதுலயே புரிஞ்சுடும். அனோஃபிலிஸ் ரெண்டு மூணு நாளைக்கு ஒருதடவ ரத்தம் தேடி வரும், குடிச்சதும் உடம்பு கனத்து போய் பல வகைங்க பக்கத்து செவத்துலயே உக்காந்து செரிக்க வைக்கும். ஆக 12 நாள் ஓட்டணும்னா அது நாலஞ்சு தடவ வீட்டுக்குள்ள வந்து போகணும், ஒவ்வொரு தடவையும் வலையோ செவுரோ மருந்தோட காத்திருக்கு. முதல் ரெண்டு தடவ தப்பிச்சாலும் பரவாயில்ல, அஞ்சாவது தடவ வரக்கூடாது, அவ்வளவு தான்.

எய்ட்ஸ் கொசுவால பரவுமான்னு கேக்கறவங்களுக்கும் பதில் இங்க தான் இருக்கு. எச்ஐவி கொசு வயித்துக்குள்ள போனா பெருகத் தெரியாம செரிமானம் ஆயிடும், எச்சில் சுரப்பி வரைக்கும் போற வழி அதுக்கு கிடையாது. டெங்கு வைரஸ் ஏடிஸ் கொசுவுக்குள்ள பெருகி எச்சிலுக்கு வரும், அதுக்கும் ஒரு வாரத்துக்கு மேல எடுக்கும்.

நோபல் விஷயத்துக்கு வந்தா, அதுல சண்டை இல்லாம இல்ல. ராஸ் முழு வட்டத்தையும் காட்டினது பறவைக்கு தான், மனுஷ மலேரியா அனோஃபிலிஸால தான் பரவுதுன்னு 1898 கடைசில காட்டினது இத்தாலில ஜியோவானி பத்திஸ்தா கிராசியும் அவரோட ஆளுங்களும். பரிசு ராஸுக்கு மட்டும் போச்சு, ரெண்டு பேரும் சாகற வரைக்கும் ஒருத்தர ஒருத்தர் விட்டு வைக்கல. என்ன கேட்டா கிராசிக்கும் பங்கு குடுத்திருக்கலாம், ராஸ் கொசு வகைய பேரு சொல்லி அடையாளம் காட்ட முடியாம "புள்ளி ரெக்கை"ன்னு எழுதினவரு, விலங்கியல்ல கிராசி கெட்டிக்காரர். ஆனா வழிய திறந்தது ராஸ் தான், அதுல சந்தேகம் இல்ல. லாவெரானுக்கு 1907ல தனியா கிடைச்சுது. மேன்சனுக்கு கிடைக்கவே இல்ல.

பரிசுக்கு அப்புறம் ராஸ் செஞ்ச வேலை தான் இன்னும் பெருசுன்னு சில பேர் சொல்வாங்க, எனக்கும் அப்படித்தான் தோணுது. எல்லா கொசுவையும் கொல்ல முடியாது, அதனால உங்க கண்டுபிடிப்பால என்ன பிரயோஜனம்னு கேட்டவங்களுக்கு அவர் கணக்கு போட்டு பதில் சொன்னாரு. எல்லாத்தையும் கொல்ல வேணாம், ஒரு மலேரியாக்காரர்கிட்ட இருந்து சராசரியா ஒருத்தருக்கும் குறைவா பரவற அளவுக்கு கொசுவ குறைச்சா போதும், மலேரியா தானா மங்கிடும்னாரு. கொரோனா டைம்ல ஆர் நம்பர் ஒண்ணுக்கு கீழ வரணும்னு டிவில சொன்னாங்களே, அந்த யோசனைக்கு பூர்வீகம் இங்க தான். இந்த கணக்க 1950கள்ல ஜார்ஜ் மெக்டொனால்டு எடுத்து நீட்டி, கொசு எண்ணிக்கைய குறைக்கறத விட ஆயுச குறைச்சா பலன் எத்தனையோ மடங்குன்னு காட்டினாரு. மேல நாம போட்ட 280, 70, 14 கணக்கு அந்த வழி தான்.

ஆனா கொசுவோட வயச எப்படி கண்டுபிடிக்கறது, அதுக்கு ஆதார் கார்டா இருக்கு? பிரிச்சு தான் பாக்கணும். பெண் கொசுவோட முட்டைப்பைய சுத்தி மெல்லிசா மூச்சுக்குழாய்ங்க இருக்கும், ஒருதடவ கூட முட்ட போடாத இளசுக்கு அந்த குழாயோட நுனி சுருள் சுருளா சுத்தி இருக்கும். ஒருதடவ முட்டை உண்டாகி பை பெருசானா அந்த சுருள் நீண்டு போயிடும், அப்புறம் எப்பவுமே திரும்ப சுருளாது. மருந்து அடிச்ச ஊர்ல கொசு பிடிச்சுட்டு வந்து, வரிசையா ஊசியால பிரிச்சு, சுருள் எத்தனை சுருள் விரிஞ்சது எத்தனைன்னு எண்ணுவாங்க. விரிஞ்சது குறைஞ்சிருந்தா, வீட்டுக்குள்ள கொசு பாட்டுக்கு ரீங்காரம் போட்டுட்டு இருந்தாலும், மருந்து வேலை செஞ்சிருக்குன்னு எழுதிக்குவாங்க.